வாசலில் நான் காத்திருக்கவில்லை

தம்பி, கடிதம் என்றால் முதலில் ‘அன்புள்ள’ என்று போட வேண்டும். நான் போடவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, இருக்கிறது. ஆனால் இன்றைக்கு அதை முன்னால் நிறுத்தினால் நான் சொல்ல வந்ததைச் சொல்ல விடாது. போனில் பேசலாம் என்றால், நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் “அம்மா, டென்ஷன் ஆவாத, பிரஷர் ஏறிடப் போவுது” என்று என் வாயை அடைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மடித்து ஒளித்து வைக்க வேண்டியதில்லை. கல்யாணப் பெண் தீபா படிக்கட்டும். உனக்கு வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள், உன்னிடம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் அம்மாக்கள், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். என்னைப் பற்றி நீ மைக்கைப் பிடித்துத்தானே ஊருக்குச் சொன்னாய்? என் பதிலும் ஊருக்கே தெரியட்டும்.

போன வாரம் உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாய். என் பெயருக்குப் பக்கத்தில் உன் அப்பா பெயர். அதற்குக் கீழே, முகூர்த்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் மணையில் சேர்ந்து உட்கார வேண்டும் என்று ஐயரிடம் பேசிவிட்டதாக நீ சொல்லி அனுப்பிய குரல் பதிவு. என்ன குதூகலம் உன் குரலில்! இருபத்திரண்டு வருஷமாகப் பிரிந்திருந்த இரண்டு பேரை நீ ஒருத்தனாகச் சேர்த்து வைத்துவிட்டாயாம். என்னிடம் கேட்டாயா? ஒரு ரவிக்கை தைப்பதற்கே நான் மூன்று முறை அளவு எடுக்கிறேன். நீ என் வாழ்க்கையை அளவே எடுக்காமல் வெட்டிவிட்டாய்.

இதெல்லாம் போன மாதம் சிதம்பரத்தில் தெற்கு வீதி மண்டபத்தில் நீ ஆடினாயே, அன்றைக்கு ஆரம்பித்தது. நான் எப்போதும் போல மேடை ஓரத்தில், திரைக்குப் பக்கத்தில் ஊசியும் நூலுமாக நின்றிருந்தேன். நாட்டிய உடை தைக்கிறவளுக்கு அதுதான் இடம். அங்கே நின்றபடி எத்தனை நாயகிகளைப் பார்த்திருப்பேன்! எந்தப் பெண்ணுக்கு இடுப்புத் துணி இறுக்கமாக இருக்கிறது, எவளுக்குக் கொக்கி தெறிக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டே அவர்கள் முகத்தையும் பார்ப்பேன். அன்றைக்கு நீ மைக்கை வாங்கி, “அடுத்து நான் ஆடப்போறது என் அம்மா. இருபத்திரண்டு வருஷம் என் அப்பாவுக்காக வாசல்ல காத்திருந்தவங்க” என்றாய். சபை ‘த்சொ’ கொட்டியது. எனக்குக் கையிலிருந்த நூற்கண்டு நழுவி, பாடுகிறவர் காலடி வரைக்கும் உருண்டு போனது.

பிறகு நாற்பது நிமிஷம் ஆடினாய். விளக்கேற்றினாய். தலை வாரிப் பூ வைத்தாய். காலடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தாய், யாரும் இல்லையென்று நிலையில் சாய்ந்தாய். முந்தானையின் நுனியால் கண்ணின் ஓரத்தை மட்டும் துடைத்தாய், மை கலையாமல். அழுதால் மூக்கு ஒழுகும் தம்பி, எந்த நாயகிக்கும் ஒழுகுவதில்லை, அது போகட்டும். கடைசியில் தலைவன் திரும்பி வருகிறான். நீ செம்பில் தண்ணீர் மொண்டு அவன் காலைக் கழுவிவிட்டாய். சபை எழுந்து நின்று கை தட்டியது. மூன்றாவது வரிசையில் உன் அப்பா அழுதுகொண்டிருந்தார். எனக்குத் தெரியாமல் நீதான் அவரை வரவழைத்திருக்கிறாய்.

அதோடு விட்டாயா? உனக்குப் பொன்னாடை போர்த்துவதற்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உன் இடுப்புத் துணி ஒரு பக்கம் தையல் விட்டிருந்தது. நான் நான்கு ஊக்குகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஐந்தாவதைக் குத்திக்கொண்டிருந்தேன். அப்போது பார்த்து அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து என் எதிரில் நிறுத்தினாய். அவர் “எப்டி இருக்க?” என்றார். நான் எப்படிப் பேசுவது? வாயில் ஊக்கு. நீயோ கண் கலங்கி, சுற்றி நின்றவர்களிடம், “பாருங்க, அம்மாவுக்குப் பேச்சே வரல” என்றாய். பிறகு மூன்று பெண்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதில் ஒருத்தி, “நீங்க தெய்வம்மா” என்றாள். கடலூர் பஸ் ஏறும்வரைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நீ பெண்ணாக ஆடுவது எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. அதற்காக ஊரோடு சண்டை போட்டவள் நான். உனக்குப் பன்னிரண்டு வயதில் உன் மாமா நம் வீட்டுக்கு வந்து, “பொம்பள மாதிரி கண்ண உருட்டறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்று கேட்டான். “நீ குடுக்காத. உன் பொண்ணு மூஞ்சில ஒரு உணர்ச்சியும் வராது, எங்களுக்கு வேணாம்” என்று சொல்லி அனுப்பினேன். கூடப் பிறந்தவன், ஒரு வருஷம் பேசவில்லை. ஓர் ஆண் பெண்ணாக ஆடலாம், பெண் ஆணாக ஆடலாம், உங்கள் கலையில் அதற்கு இடம் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். எனக்குக் கோபம், நீ தப்பாக ஆடினாய் என்பதில். எந்தப் பெண்ணாக ஆடுகிறோம் என்று தெரியாமல் ஆடினாய்.

உன் அப்பா கடைசியாக நம் வீட்டுக்கு வந்த சனிக்கிழமை உனக்கு ஏழு வயது. உன் அப்பா அப்போது குறிஞ்சிப்பாடியில் ஒரு முந்திரிக் குடோனில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கே, சனிக்கிழமை மத்தியானம் இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வருவார். அதற்கு முந்தின வாரம் அவர் சட்டையில் இரண்டாவது பொத்தான் அறுந்திருந்தது. கழற்றிப் போடுங்கள், தைத்துத் தருகிறேன் என்றேன். அவசரம் என்று அப்படியே போட்டுக்கொண்டு போனார். அந்தச் சனிக்கிழமை அதே சட்டை, பொத்தான் இருந்தது. நான் பொத்தான் வைத்தால் நூலைக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி போடுவேன். இது இரண்டு நேர்க்கோடு. கடைத் தையலும் இல்லை, கடைக்காரன் அடியில் நூலைச் சுற்றி இறுக்குவான். இது வீட்டில், பொறுமையாக, அவருடைய சட்டைக்கு வேண்டும் என்றே நிறம் பார்த்து எடுத்த நீல நூலில் தைத்தது.

நீங்கள் ஆடும் பதங்களில் தலைவன் காலையில் வருவான், நெஞ்சில் நகக்குறி இருக்கும், நாயகி பார்த்துவிடுவாள். எனக்கு அந்தப் பொத்தான். “பட்டன் யாரு தெச்சது?” என்று கேட்டேன். கடை என்றார். “கடைத் தையல் எனக்குத் தெரியாதா?” என்றேன். அவர், “உங்கிட்ட மறைக்க முடியாது. அங்க ஒரு பொண்ணு இருக்கு. ரெண்டு வருஷம் ஆவுது. ரெண்டு பேரையும் பாத்துக்கறேன், உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்” என்றார். அதுவரைக்கும் அவரை ‘நீங்க’ என்றுதான் பேசுவேன். அன்றைக்கு முதல் தடவையாக, “நீ அங்கயே போ” என்றேன். செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. வாசலின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றேன். அவர் “பையனப் பாத்துட்டுப் போறேன்” என்றார். அதற்கும் விடவில்லை. அது நியாயமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்த ஒன்றுக்காக மட்டும் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நீ எங்கே இருந்தாய்? எனக்குப் பின்னால், தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நீ பார்த்தது என் முதுகை. தோள் குலுங்கியிருக்கும். ஆமாம், கோபத்தில் உடம்பு ஆடியது. அம்மா அழுகிறாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். அன்றைக்கு என் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது. தெரியாத முகத்துக்கு யார் யாரோ ஆடிய முகத்தை எடுத்து ஒட்டிவிட்டாய். உங்களிடம் வேறு நாயகியே இல்லையா? ‘கண்டிதா’ என்று ஒருத்தி இருக்கிறாளே, ஏமாற்றிவிட்டு வருகிறவனை வாசலிலேயே நிறுத்தி, வந்த வழியே போ என்கிறவள். அவளாக ஆடும் பெண்களுக்கு நானே அரக்கு நிறத்தில் எத்தனை உடை தைத்திருக்கிறேன்! எனக்கு அவளைக் கொடுத்திருக்கலாமே? கொடுக்க மாட்டாய். அவளுக்கு சபை ‘த்சொ’ கொட்டாது. அவளைக்கூட நீங்கள் முழுசாக விடுவதில்லை, அவன் போன பிறகு திரும்பிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட வைப்பீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எட்டு உடை பாக்கி இருந்தது, உட்கார்ந்து கொக்கி வைத்தேன். நீ “அப்பா சாப்டலியா?” என்றாய். “வேலை இருக்குதாம், போயிட்டாரு. வருவாரு” என்றேன்.

இதுதான் என் முதல் பொய். இனிமேல் எழுதப்போவதை எழுதத்தான் எனக்கு மூன்று நாள் ஆனது.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அம்மாள், நாட்டியம் கற்கும் பெண்ணை அழைத்துக்கொண்டு அளவு கொடுக்க வந்தாள். “உங்க வூட்டுக்காரரு வுட்டுட்டுப் போயிட்டாராமே, பாவம்” என்றாள். நான் துரத்திவிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். புருஷனைத் துரத்தியவள் வீட்டுக்கு வயசுப் பெண்ணை அளவு கொடுக்க அனுப்புவாளா? வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தேன். அவள் உருகிப்போய் இன்னும் மூன்று வீட்டுக்காரர்களை அனுப்பி வைத்தாள். அதிலிருந்து நான் பழகிக்கொண்டேன். சாயந்திரம் ஆறு மணிக்கு வாசலில் நிற்பேன். உண்மையில் பகலெல்லாம் ஊசியைப் பார்த்துப் பார்த்துக் கண் எரியும், உள்ளே புழுக்கம், காற்றுக்காக வந்து நிற்பது. ஆனால் யாராவது தெருவில் வந்தால் பார்வையைத் தெருமுனைக்கு அனுப்பிவிடுவேன். ஒரு பெருமூச்சு. ஜாஸ்தி இல்லை, ஒன்றே ஒன்று. “இன்னும் அவரையே நெனச்சுக்கிட்டு இருக்கு பாவம்” என்று பேசிக்கொண்டு போவார்கள். வாடகைக்கு வீடு தந்தவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. தனியாக இருக்கிறாள் என்று ஒருத்தன் வாலாட்டவில்லை. காத்திருக்கிறவள் என்றால் அவளுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று அர்த்தமாம். போ என்று சொன்னவளுக்கு அந்த மரியாதை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பதினோரு வயதில், சிதம்பரத்தில் உன் டீச்சர் முதல் பதம் ஆரம்பித்தார்கள். “காத்திருக்கிற பொண்ணு எப்டி நிப்பா, எங்க பாப்பா, கைய எங்க வெப்பா? வீட்ல தெருவுல பாத்துட்டு வா” என்று அனுப்பினார்கள். அந்த வாரம் முழுக்க நீ ஜன்னலுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாய். நீ பார்க்கிறாய் என்று எனக்குத் தெரியும் தம்பி. உள்ளே போய் அடுப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில் கூடப் பத்து நிமிஷம் நின்றேன். நிலையில் கன்னத்தைச் சாய்த்தேன். முந்தானை நுனியை எடுத்துக் கண் ஓரத்தைத் துடைத்தேன். கண்ணில் ஒரு சொட்டும் இல்லை. அடுத்த வாரம் உன் டீச்சர் என்னிடம், “இந்த வயசுல முகத்துல இவ்ளோ பாவம் எங்கேர்ந்து வருது இவனுக்கு!” என்றபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? மேடையில் நீ ஆடியது என்னை இல்லை. நான் ஆடியதை நீ ஆடினாய். ஒரு பிசகு இல்லாமல் ஆடினாய். அதனால்தான் உன்மேல் வந்த கோபத்தில் பாதி எங்கே போவதென்று தெரியாமல் என்னிடமே திரும்பி வந்தது.

ஆனால் பாதிதான். மீதி உனக்கே. பதினோரு வயதுப் பிள்ளை பார்த்து நம்பினான், சரி. இருபத்தொன்பது வயது ஆம்பளை ஏன் கேட்கவில்லை? “அம்மா, அன்னிக்கு என்னா நடந்துச்சு?” ஐந்து வார்த்தைகூட இல்லை. அப்பாவைத் தேடிப்பிடித்துக் கேட்டிருக்கிறாய், அவர் அழுதிருக்கிறார், உனக்கு அது போதும். அவர் தன் பங்குக்கு, “நான்தான் தப்பு பண்ணிட்டேன், அவ எனக்காகவே இருந்துட்டா” என்று சொன்னாராம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. துரத்தப்பட்டதைவிட, விட்டுவிட்டு வந்தேன் என்பதும், ஒருத்தி தனக்காகவே இருந்தாள் என்பதும் அவருக்கும் வசதிதானே. எல்லோருக்கும் வசதியான பொய், மேடைக்கும் வசதி.

தீபாவைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், நாட்டியம் தெரியாது. அந்த மட்டும் அவள் அதிர்ஷ்டக்காரி. அவள் ஒரு நாள் பேசாமல் இருந்தால், இது ஊடல் என்று நீயாகப் பெயர் வைத்துக்கொண்டு பூ வாங்கிப் போகாதே. தலைவலியாக இருக்கலாம். உன்மேல் வெறுப்பாகக்கூட இருக்கலாம். வாசலில் நின்றால், ஏன் நிற்கிறாய் என்று கேள். அவள் சொல்வது உனக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே வைத்துக்கொள். எட்டு வகை நாயகி என்று பிள்ளைகளுக்கு விரல் விட்டுச் சொல்லிக்கொடுக்கிறாயே, அந்த எட்டிலும் அவனைப் பற்றித்தானே எல்லாம்? அவன் வந்தான், அவன் வரவில்லை, அவன் ஏமாற்றினான், அவன் ஊருக்குப் போனான். அவன் போன பிறகு நன்றாக இருந்தவளுக்கு உங்களிடம் ஒரு முத்திரைகூட இல்லை. நான் நன்றாக இருந்தேன் தம்பி. மூன்று தையல் மிஷின் போட்டேன். பிடித்த நேரத்தில் சாப்பிட்டேன். சனிக்கிழமை வந்தால் யாருக்காகவும் மீன் வாங்க ஓட வேண்டியதில்லை. முடிந்தால் இதை ஆடு. முடியாதென்றால் என்னை விட்டுவிடு, இனிமேல் எந்த மேடையிலும் என்னை ஏற்றாதே.

இனி, இன்றைக்கு நடந்தது. உன் குரல் பதிவை இன்னொரு தடவை கேட்டுவிட்டு, காலை பஸ்ஸில் குறிஞ்சிப்பாடிக்குப் போனேன். வீடு கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கதவைத் திறந்தது அவள்தான், அந்தப் பொத்தானைத் தைத்த செல்வி. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை பார்க்கிறேன். என்னைவிட நரைத்திருந்தாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நான் அப்பவே சிதம்பரத்துக்குப் போவாதீங்கன்னுதான் சொன்னேன்க்கா. கேக்கல” என்றாள். தண்ணீரை வாங்கிக் குடித்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், சர்க்கரை வந்து இளைத்துப்போயிருக்கிறார். “பையன் ஆசப்படறான். ஒரு நாளு பக்கத்துல உக்காந்தா என்னா ஆயிடப் போவுது?” என்றார்.

“ஒரு நாளு உக்காந்தா, இத்தினி வருஷமும் உனக்காகத்தான் உக்காந்திருந்தேன்னு ஆயிடும். நீ வராத” என்றேன்.

அவர் சண்டை போடவில்லை. பெரிய மனசு பண்ணுவதுபோல, “சரி. பையன் ஞாயித்துக்கெழம போன் பண்ணுவான். காய்ச்சல், டாக்டர் வெளில போவக் கூடாதுன்னுட்டாருன்னு சொல்லிடறேன். நீ சொன்னதா இருக்க வேணாம். ஒன் பேரு எதுக்குக் கெடணும், கல்யாண நேரத்துல?” என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை ஆட்டினேன். அவ்வளவு பேசிவிட்டு, அந்தக் கடைசி நிமிஷத்தில், தலையைக் குனிந்து ஆட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மண்டபத்தில் சம்பந்தி வீட்டார், உன் மாமா, உன் மாணவிகளின் அம்மாக்கள், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இன்னும் ஒரே ஒரு நாள் பாவப்பட்டவளாக இருந்துவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றியது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து இந்தக் கடிதத்தை எழுதி முடிக்கிறேன்.

பத்திரிகையில் அவர் பெயர் இருந்தால் இருக்கட்டும், உன்னைப் பெற்றவர். மணையில் நான் தனியாக உட்காருவேன். அதற்கு சாஸ்திரம் இடம் தராது என்று ஐயர் சொன்னால், முதல் வரிசையில் நாற்காலி போடு, அங்கே உட்காருகிறேன். கேட்கிறவர்களுக்கு நீ என்ன சொல்வாய் என்பது உன் பாடு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது அவர் குரலைக் கம்ம வைத்துக்கொண்டு பேசுவார், நடுவில் இரண்டு முறை இருமுவார். நீ உருகிவிடாதே. அவருக்குக் காய்ச்சல் இல்லை. வர வேண்டாம் என்று சொன்னது நான். அன்றைக்கும் நான்தான்.